வெள்ளாங்குளத்திலிருந்து விரும்பிக் கேட்பவர்

ஈழத்தில் எழுத வருகிறவர்கள் பலர் ஊரை முன்னே நடக்கவிட்டுத் தாம் பின்னே வருவார்கள். நீர்வை பொன்னையன், சில்லையூர் செல்வராசன், திக்குவல்லை கமால், தெளிவத்தை ஜோசப். நீர்வேலியும் சில்லாலையும் யாழ்ப்பாணத்து ஊர்கள், திக்குவல்லை தென்கோடிக் கடற்கரை, தெளிவத்தை மலையகத்துத் தேயிலைத் தோட்டம். ஆளைப் பார்க்காதவருக்கும் மண் தெரிந்துவிடும். அறுபதுகளிலும் எழுபதுகளிலும் இலங்கை வானொலிக்குத் தபாலட்டை எழுதிய பள்ளிப் பிள்ளைகளும் அப்படித்தான்: ஊர், பிறகு பெயர், பிறகு பாட்டு. இன்று கொரியப் பாடகர் குழு ஒன்றில் பித்தாகிக் கைத்தொலைபேசியில் கதை எழுதும் பதினைந்து வயதுப் பிள்ளை முதலில் ஒளிப்பது ஊரை, அடுத்தது பெயரை.

பிள்ளை எழுத உட்காருகிற காரணம் அன்றும் இன்றும் ஒன்றுதான் என்பது என் துணிபு. முகம் தெரியாத, தன் வயசை ஒத்த ஒருவர் தன்னைக் கண்டுகொள்ள வேண்டும். பாட்டும் நடிகரும் பாடகரும் அதற்கு ஒரு சாட்டு. மாறியிருப்பது ஊரும் பேரும் வைக்கப்படும் இடம்.

இதை வெள்ளாங்குளத்தில் நின்று பார்ப்பது நல்லது. மன்னார் மாவட்டத்தின் வடக்கு விளிம்பில், பூநகரி நோக்கிப் போகும் ஏ-32 வீதியில், மாங்குளத்திலிருந்து வருகிற வீதி வந்து முட்டும் சந்தி இது. அப்பால் போனால் முழங்காவில், கிளிநொச்சி மாவட்டம். அயலிலே தேவன்பிட்டிக் கடற்கரை. 2008 ஏப்ரலில் மடுமாதாவின் சொரூபம் சண்டைக்கு விலகி வந்து தங்கியது தேவன்பிட்டித் தேவாலயத்தில்தான். அதே ஆண்டு ஓகஸ்ட் தொடக்கத்தில் வெள்ளாங்குளம் இராணுவத்தின் கைக்குப் போனது. வயலும் கடலும் அருகருகே இருக்கிற பக்கம். கொழும்பும் தொலைவு, யாழ்ப்பாணமும் தொலைவு. இப்படிப்பட்ட இடத்துப் பிள்ளைக்குத்தான் வெளியே ஒரு சிநேகிதம் தேவைப்படுகிறது. நகரத்துப் பிள்ளைக்கு ரியூஷன் வகுப்பு வாசலிலேயே நாலு பேர் கிடைத்துவிடுவார்கள்.

தமிழில் ரசிகரைப் பற்றி ஆய்வு இல்லாமல் இல்லை. எம்.எஸ்.எஸ். பாண்டியன் எம்.ஜி.ஆர். பற்றி எழுதி, பின்னர் தமிழில் 'பிம்பச் சிறை' என்று வந்த நூல் ஆங்கிலத்தில் வெளியானது 1992இல். மதுரையின் ஏழைப் பார்வையாளர்களையும் ரசிகர் மன்றங்களையும் ஆராய்ந்த சாரா டிக்கியின் நூல் 1993இல் வந்தது. இரண்டிலும் நாம் காணும் ரசிகர் பெரும்பாலும் ஆண், தெருவில் நிற்பவர், கொடி பிடிப்பவர், கட்சிக்கு அருகில் இருப்பவர். பாண்டியனின் நூல் வந்த அதே 1992இல் அமெரிக்காவில் ஹென்றி ஜென்கின்ஸ் வேறொரு ரசிகரைக் காட்டினார். 'ஸ்டார் ட்ரெக்' தொலைக்காட்சித் தொடரில் ஈடுபாடு கொண்டு, அதன் பாத்திரங்களை வைத்துத் தாங்களே கதை எழுதிச் சுற்றுக்கு விட்டவர்கள் அவர்கள், பெரும்பாலும் பெண்கள். ஒருவருக்கு ரசிகர் பிம்பத்தில் சிறைப்பட்டவர், மற்றவருக்குப் பிம்பத்தைக் களவெடுத்துத் தன் வீட்டுக்குக் கொண்டுபோனவர். அரசியலைப் பேசப் பாண்டியன் போதும். ஆனால் அறை மூலையில் கொப்பியும் பேனையுமாக இருந்த ரசிகையை அந்தக் கண்ணாடி காட்டாது. அவளைப் பார்க்க வானொலிப் பக்கம் போக வேண்டும்.

இலங்கை வானொலியின் வர்த்தக சேவை 1950 செப்டெம்பர் 30இல் தொடங்கியது. பக்கத்து நாட்டு அமைச்சர் ஒருவர் அதற்கு எதிர்பாராத உபகாரம் செய்தார். 1952இல் இந்தியத் தகவல் ஒலிபரப்பு அமைச்சரான பி.வி. கேஸ்கருக்குச் சினிமாப் பாட்டு ஆகாது. அகில இந்திய வானொலியில் அதன் இடம் சுருங்கியது. விவித் பாரதி வரும் வரை, அதாவது 1957 வரை, பாட்டுக்காகத் துணைக்கண்டம் கொழும்புப் பக்கம் காது வைத்திருந்தது. அமீன் சயானியின் பினாக்கா கீத்மாலா இந்தியில் எழுப்பிய அலையைத் தமிழில் எஸ்.பி. மயில்வாகனத்தின் குரல் எழுப்பியது. பின்னால் கே.எஸ். ராஜா, பி.எச். அப்துல் ஹமீட், ராஜேஸ்வரி சண்முகம் என்று ஒரு வரிசை. இந்த அறிவிப்பாளர்களும் நட்சத்திரங்கள்தான். அவர்கள் மேல் பித்தான நேயர்கள் பாக்கு நீரிணைக்கு இரு கரையிலும் இருந்தார்கள்.

அந்தத் தபாலட்டையைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும். விலாசம் தலைகீழாகச் சொல்ல வரும்: தபால் பெட்டி இலக்கம் 574, கொழும்பு 7. மறுபக்கம் பாட்டு, படம், பாடியவர். அதன் கீழ்தான் விஷயம் இருக்கிறது. விரும்பிக் கேட்பவர்கள் என்று எழுதி, வீட்டில் உள்ளவர்கள், அயலட்டை, வகுப்புத் தோழர், தவழ்கிற குழந்தை வரைக்கும் பொடி எழுத்தில் நெருக்கி நெருக்கி எழுதிய பெயர்கள். அட்டையின் ஓரம் வரை போய், இடம் போதாமல் வளைந்து மேலேறும். ராஜா போன்றவர் அவற்றை மூச்சு விடாமல் வாசித்துவிட்டுப் பாட்டைப் போடுவார். பாட்டு எப்படியும் வரும், இன்றில்லாவிட்டால் நாளைக்கு. பெயர் வருவதற்குத்தான் அட்டை. டி.எம். சௌந்தரராஜனின் குரலுக்கு ஒரு விநாடி முன்பு தன் பெயரும் ஊரும் அதே பெட்டிக்குள்ளிருந்து வெளியே வரும் அந்தக் கணத்துக்காகப் பிள்ளைகள் வாரக்கணக்கில் காத்திருந்தார்கள்.

மன்னார்ப் பக்கத்து அட்டை என்றால் அதில் அந்தோனியும் பாத்திமாவும் சிவநேசனும் ஒரே வரிசையில் நிற்பார்கள். 1990 ஒக்ரோபரில் விடுதலைப் புலிகள் வட மாகாண முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். எருக்கலம்பிட்டி, விடத்தல்தீவு, முசலிச் சனங்கள் புத்தளம், கற்பிட்டிப் பக்கம் கொண்டுபோய் விடப்பட்ட பிறகு அப்படியொரு பெயர் வரிசையை ஒரே வகுப்பறையிலிருந்து எழுத நெடுங்காலம் வழியில்லாமற் போயிற்று.

ஊரும் பேரும் சொல்லும் இந்தத் தபாலட்டைப் பழக்கத்துக்கு வடஇந்தியாவில் ஒரு புகழ்பெற்ற சோடி உண்டு. இன்றைய ஜார்க்கண்டில் இருக்கும் ஜும்ரி தலையா என்ற மைக்காச் சுரங்க நகரத்திலிருந்து விருப்பப் பாடல் கடிதங்கள் குவிந்த குவியலில், அது உண்மையான ஊரா, கற்பனையா என்று வானொலி கேட்டவர்கள் சந்தேகப்பட்டார்கள். ஊர்க்காரர் பாட்டை விட ஊரைத்தான் ஒலிபரப்பிக்கொண்டிருந்தார்கள் என்று சொல்லத் தோன்றுகிறது. வரைபடத்தில் தேடினாலும் அகப்படாத ஊருக்கு வானொலி ஓர் இடம் கொடுத்தது.

பொப் என்றால் வெளிநாட்டுச் சரக்கு என்று நினைப்பவருக்கு ஒன்று சொல்லியாக வேண்டும். அறுபதுகளின் பிற்பகுதியில் நித்தி கனகரத்தினம் 'சின்ன மாமியே' பாடினார். தொடர்ந்து ஏ.ஈ. மனோகரன் 'சுராங்கனி'யோடு வந்து கடல் தாண்டியும் பெயரெடுத்தார். பைலாத் தாளம், கித்தார், பேச்சுத் தமிழ். துள்ளிசை என்று அதற்கு மரியாதையான பெயரும் வைத்தார்கள். பெரியவர்கள் முகம் சுளித்ததும் பெடியள் கூடி நின்று ஆடியதும் இன்றைய கொரியப் பாட்டுக்கு நடப்பதுதான். எழுபதுகளின் தொடக்கத்தில் இந்தியச் சஞ்சிகை இறக்குமதிக்குக் கட்டுப்பாடு வந்தபோது உள்ளூர் எழுத்துக்கும் இடம் கிடைத்தது. வீரகேசரிப் பிரசுரங்கள் பெருகியது அந்தக் காலத்தில்தான். பத்திரிகைகளில் பேனா நண்பர் பகுதியும் நடந்தது: பெயர், வயது, பொழுதுபோக்கு, விலாசம். பொழுதுபோக்கு என்ற இடத்தில் பெரும்பாலும் வானொலி கேட்டல், முத்திரை சேகரித்தல், பத்திரிகை வாசித்தல்.

ஆனால் பதின்ம வயது எழுத்தாளரை உண்மையாக வெளியே கொண்டுவந்த நிகழ்ச்சி 'இசையும் கதையும்'. நேயர் ஒரு கதை எழுதி அனுப்புவார். கதையின் திருப்பங்களில் சினிமாப் பாட்டு வர வேண்டும். அறிவிப்பாளர் உருக்கமாக வாசித்துக்கொண்டே வந்து ஒரு வசனத்தில் நிறுத்த, அந்த இடத்தில் பாட்டு ஏறும். பல்லவி, ஒரு சரணம், திரும்பவும் கதை. காதல், ஏழ்மை, வெளிநாடு போன மாப்பிள்ளை, சீதனத்தில் முறிந்த கலியாணம், வைத்தியசாலைக் கட்டிலில் கடைசிச் சந்திப்பு. கதைகள் ஒரே அச்சில் வார்த்தவை என்று விமர்சகர்கள் சொன்னால் அது பொய்யில்லை. ஆனால் வேலை இலேசானதுமில்லை. எழுதுகிறவளுக்குப் பாட்டு மனப்பாடமாக இருக்க வேண்டும். பாடல் வரி எந்த உணர்ச்சியில் தொடங்குகிறது என்று கணக்குப் பார்த்து, அதற்கு முந்திய வசனத்தை அந்த வாசற்படியில் கொண்டுபோய் நிறுத்த வேண்டும். கண்ணதாசன் வேறொரு கதாநாயகிக்காக வேறொரு படத்தில் எழுதியது இவளுடைய கதாநாயகியின் வாய்ப்பேச்சாகிவிடும்.

இணைய ரசிகர் எழுத்தில் இந்த வடிவத்துக்குத் தனிப் பெயரே உண்டு, 'சோங்-ஃபிக்' என்பார்கள். ஒரு பாட்டின் வரிகளை நடுநடுவே வைத்துக் கட்டும் கதை. மேற்கில் அது ரசிகைகளின் சிற்றேடுகளிலும் பிறகு இணையத்திலும் வளர்ந்தது. இங்கே அதை ஓர் அரச நிறுவனம் நாடு முழுவதும் கேட்க ஒலிபரப்பிக்கொண்டிருந்தது. இலக்கிய வரலாறு எழுதியவர்கள் 'மல்லிகை', 'சிரித்திரன்' போன்ற சஞ்சிகைகளை எண்ணினார்கள், எண்ண வேண்டியதுதான். இசையும் கதையும் எழுதிப் பேனை பிடிக்கப் பழகியவர்களை எண்ணவில்லை. அது மெலோடிராமா, சினிமா, பெண் பிள்ளைகள் அழுகிற சங்கதி. கணக்கில் விடுபட இந்த மூன்றும் போதுமாக இருந்தது.

வானொலியில் ஊரும் பேரும் சொல்வதில் பெண் பிள்ளைக்கு ஒரு கண்டம் இருந்தது. குறும்புக்காரப் பெடியன் தன் பெயருக்குப் பக்கத்தில் அவளுடைய பெயரையும் எழுதி அனுப்பிவிட்டால் முடிந்தது கதை. தேத்தண்ணிக் கடையிலும் கேட்கும், அவளுடைய தகப்பன் வீட்டிலும் கேட்கும். பேனா நண்பர் பகுதியில் விலாசம் கொடுத்த பெண்ணுக்கு வரும் கடிதம் தபால்காரர் கையிலிருந்து நேரே தாயின் கைக்குத்தான் போகும். புனைபெயர், முதலெழுத்து, சிநேகிதியின் விலாசம் என்று உபாயங்கள் அப்போதே உண்டு. ஒளிதல் இணையம் கண்டுபிடித்த வித்தையில்லை. ஒளிந்துகொண்டே எழுதி, எழுதிய கையோடு பதிலும் வாங்குவதுதான் புதிது.

பிறகு யுத்தம் நடுவில் விழுந்தது. பொருளாதாரத் தடையில் பற்றரி வடக்குக்கு வராத பொருளானபோது சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து, மிதியைக் கையால் சுற்றி, டைனமோவில் வரும் மின்சாரத்தில் வானொலி கேட்டார்கள். ஒருவர் சுற்ற நாலு பேர் கேட்பது. சுற்றுகிறவர் களைத்தால் பாட்டு இழுபடும். அந்த மின்சாரத்தில் செய்திக்குத்தான் முதலிடம்: பிபிசி தமிழோசை, மணிலாவிலிருந்து வெரித்தாஸ், 1990 நவம்பரிலிருந்து புலிகளின் குரல். விருப்பப் பாடல் கேட்டுத் தபாலட்டை போடுகிற வயசு ஒரு தலைமுறைக்கு அப்படியே வராமல் போனது. இழப்புகளின் பட்டியலில் இதை யாரும் சேர்ப்பதில்லை. சேர்க்கக் கூச்சமாகவும் இருக்கும், உயிர்ச்சேதத்துக்குப் பக்கத்தில் இதை எப்படி வைப்பது என்று.

அதே காலத்தில் கடல் கடந்த தமிழருக்கு இணையம் கைவந்திருந்தது. 2002இல் பிபிசி உலக சேவை உலகின் முதல் பத்துப் பாடல்களுக்கு இணையத்தில் வாக்குக் கேட்டது. நான்காம் இடத்தில் இளையராஜாவின் 'ராக்கம்மா கையத் தட்டு', ஐந்தாம் இடத்தில் திருமலைச் சந்திரனின் 'பூவும் நடக்குது பிஞ்சும் நடக்குது'. ஒன்று சினிமாத் துள்ளல், மற்றது யாழ்ப்பாண இடப்பெயர்வின் துயரம். ஷேரும் குயீன் குழுவும் இரண்டுக்கும் கீழே. ரசிகர் படை திரண்டு வாக்குப் போட்டு ஒரு பாட்டை மேலேற்றும் வேலையைக் கொரியாவின் பிடிஎஸ் ரசிகர்கள் தொடங்கவில்லை. அந்தக் குழு மேடையேறியதே 2013 ஜூனில். போர்நிறுத்தம் வந்த அந்த 2002இல் வன்னியில் இருந்த பிள்ளைக்கோ இணையம் என்பது காதால் கேட்ட சாமான்.

யுத்தம் முடிந்து, முகாமும் முடிந்து, சனம் திரும்பி, 2011இல் சங்குப்பிட்டிப் பாலமும் திறந்தபின் ஏ-32 வீதி யாழ்ப்பாணம் வரை ஓடத் தொடங்கியது. கைத்தொலைபேசி அதற்குச் சமாந்தரமாக வந்தது. பிள்ளைகளின் கைக்கு அது உரிமையோடு போனது 2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்டபோது. பாடம் வட்ஸ்அப்பில் வந்தது, பாடத்தோடு மற்றதெல்லாமும் வந்தது. வீட்டில் ஒரே போன் இருந்தால் அண்ணனுக்கும் தங்கைக்கும் தவணை. ரீலோட் முடிந்தால் அன்றைய நட்பும் முடிந்தது. 2022இல் ஒரு கட்டத்தில் நாளுக்கு 13 மணிநேரம் மின்வெட்டு. டைனமோக் காலத்துப் பெற்றோருக்குச் சிரிப்பு வந்திருக்கும்.

இந்தத் தலைமுறையின் இசையும் கதையும் நடக்கும் இடங்களில் பெரியது வாட்பேட் என்ற இணையக் கதைத் தளம். 2006இல் டொரொண்டோவில் தொடங்கியது. ஒன் டைரக்ஷன் குழுவின் பாடகர் ஒருவரை நாயகனாக வைத்து அன்னா டாட் 2013இல் அங்கே தொடராக எழுதிய 'ஆஃப்டர்' அடுத்த ஆண்டு புத்தகமாகி, 2019இல் படமுமானது. அவர் எழுதியது பெரும்பாலும் கைத்தொலைபேசியில். 2021இல் கொரிய நிறுவனம் நேவர் ஏறத்தாழ 60 கோடி டொலர் கொடுத்து வாட்பேடை வாங்கியபோது மாதம் ஒன்பது கோடிப் பேர் அங்கே வந்துபோவதாகச் சொல்லப்பட்டது. பிள்ளைகளின் தனிமை விலைப்படுகிறது என்று இதைக் கேட்டுப் பதறுவோர், 1950இன் அந்தச் சேவைக்கு வர்த்தக சேவை என்று ஏன் பெயர் என்பதையும் யோசிக்கலாம். பினாக்கா என்பது பற்பசை.

ரசிகைகளின் கதைகளில் வெகுவாகக் காணப்படும் ஓர் உத்தி உண்டு. கதாநாயகியின் பெயர் வர வேண்டிய இடத்தில் பெயர் இராது. 'ஒய்/என்' என்று இரண்டு ஆங்கில எழுத்து, 'உன் பெயர்' என்பதன் ஆங்கிலச் சுருக்கம், அங்கே உன் பெயரை இட்டுக்கொள் என்று. வாசிக்கிற பிள்ளை வெள்ளாங்குளத்தில் இருந்தால் வெள்ளாங்குளத்துப் பெயர் அதில் போய் உட்காரும். சோல் நகரத்துப் பாடகன் கதவைத் திறந்து அவளைப் பெயர் சொல்லி அழைப்பான். தபாலட்டையின் ஓரத்தில் நெருக்கி எழுதிய அந்தப் பெயர்தான் இது. விரும்பும் குரலுக்குப் பக்கத்தில் தன் பெயர் ஒலிக்க வேண்டும் என்ற அதே ஆசை. வித்தியாசம், வானொலி அதை ஊருக்கே கேட்கச் சொன்னது, ஒய்/என் அதை அவளுக்கு மட்டும் சொல்கிறது. ஒன்றில் பெருமை, மற்றதில் பத்திரம். இரண்டும் ஒரே நேரத்தில் கிடைப்பதில்லை.

இது எழுத்தில் சேர்த்தியா என்று கேட்பவர்கள் யோர்க்ஷயரின் ஹாவர்த் கிராமத்துக்குப் போய் வரலாம். 1826 ஜூனில் தகப்பன் வாங்கி வந்த பன்னிரண்டு மரப் பொம்மைச் சிப்பாய்களை ப்ரான்டே வீட்டுப் பிள்ளைகள் பங்கு போட்டார்கள். பத்து வயது சார்லட் தன் சிப்பாய்க்கு வைத்த பெயர் வெலிங்டன் பிரபு, அந்தக் காலத்து நட்சத்திரம். அவரையும் அவருடைய பிள்ளைகளையும் கற்பனை நாடொன்றில் குடியேற்றி, பெரியவர்கள் வாசிக்க முடியாதபடி நுண்ணிய எழுத்தில் சின்னஞ்சிறு புத்தகங்கள் எழுதினாள். 'ஜேன் அயர்' வந்தது இருபது வருடத்துக்குப் பிறகு. ஒளித்து எழுதுவது, தூரத்துப் பிரபலத்தைக் கடன் வாங்குவது, கூட எழுத ஆள் தேடுவது மூன்றும் அங்கே இருக்கின்றன. சார்லட்டுக்கு ஆள் வீட்டுக்குள்ளேயே கிடைத்தது அவளுடைய அதிர்ஷ்டம்.

ஆனாலும் வானொலியையும் வாட்பேடையும் சமமென்று விட்டுவிட எனக்கு மனமில்லை. கொழும்பில் ஒரு தயாரிப்பாளர் கதையை வாசித்தார், வெட்டினார், பலதைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. அது அதிகாரம்தான். கூடவே அது ஒரு பெரியவரின் கண். இணையத்தில் பிள்ளைக்கு வரும் முதல் பின்னூட்டம் மணிலாவில் இருக்கும் இன்னொரு பதினைந்து வயதிடமிருந்து வரலாம். பதினைந்து என்று சொல்லிக்கொள்ளும் நாற்பது வயதிடமிருந்தும் வரலாம். படம் கேட்டு, வாங்கி, பிறகு மிரட்டுகிறவர்கள் இந்த வாசலால்தான் வருகிறார்கள். 2024இல் நிகழ்நிலைக் காப்புச் சட்டம் வந்தது. தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 என்ற இலக்கமும் இருக்கிறது. அந்த இலக்கத்தை அழுத்துவதற்கு முன் பிள்ளை தன் தாய்க்கு எல்லாவற்றையும் சொல்ல வேண்டும்: கொரியன் பாட்டு, ஆங்கிலப் புனைபெயர், இரவு ஒரு மணிக் கதைகள். சொன்னால் முதலில் பறிபோவது போன். அது அவளுக்குத் தெரியும், ஆகவே சொல்ல மாட்டாள். சட்டத்தை விட இந்தக் கணக்குத்தான் அவளுக்குக் கிட்ட இருக்கிறது.

ஆய்வு செய்கிறவருக்கு இதில் இன்னொரு சிக்கல். இசையும் கதையும் நிகழ்ச்சிக்கு நேயர்கள் அனுப்பியவற்றில் பெரும்பாலானவை நூலாகவில்லை. காற்றில் போனது போனதுதான். வாட்பேடில் எழுதுகிற பிள்ளை உயர்தரப் பரீட்சை நெருங்கும்போதோ கலியாணம் பேசும்போதோ கணக்கையே அழித்துவிடலாம். அழிக்காவிட்டாலும் அந்தப் புனைபெயர் எந்த ஊர் என்று ஐம்பது வருடத்துக்குப் பிறகு எப்படிக் கண்டுபிடிப்பது? அதற்கு இன்று எந்த வழியும் சொல்ல முடியாது, அவளுடைய பாதுகாப்பே அந்த மறைவில் இருக்கும்போது சொல்லவும் கூடாது. தபாலட்டைத் தலைமுறையின் நிலைமை வேறு. எழுபதுகளில் பள்ளிச் சீருடையோடு 574க்கு எழுதியவர்களுக்கு இப்போது அறுபது, எழுபது வயது. மன்னாரிலும் புத்தளத்திலும் டொரொண்டோவிலும் இலண்டனிலும் இருக்கிறார்கள். நூலகம் நிறுவனம் 2005இலிருந்து ஈழத்து ஏடுகளை எண்ணிம வடிவில் சேர்த்து வருகிறது, வாய்மொழி வரலாறுகளையும் பதிவு செய்கிறது. என்ன கதை அனுப்பினீர்கள், எந்தப் பாட்டை எந்த இடத்தில் வைத்தீர்கள், யாருடைய பெயரைச் சேர்த்தீர்கள், பேனா நண்பர் யாரையாவது கடைசியில் நேரில் கண்டீர்களா என்று அவர்களிடம் கேட்க அதிக காலம் மிச்சமில்லை. பாட்டு வரிகளையெல்லாம் மறக்காமல் சொல்லுவார்கள். கதையைக் கேட்டால்தான் கொஞ்சம் வெட்கப்படுவார்கள்.